சாக மறுத்த சாளுக்கியன்

எங்கள் முதலாளி லண்டனுக்குப் போய்த் திரும்பிய வருஷம்தான் என் அண்ணனைக் கொல்வதென்று முடிவானது. பயப்பட வேண்டாம், நிஜக் கொலை இல்லை. காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் பாலாற்றைப் பார்த்தாற்போல ஒரு பழைய துரை பங்களாவை முதலாளி வாங்கிப் போட்டிருந்தார். அதன் வடக்குப் புல்தரையில் பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் சண்டை நடக்கும். மெட்ராஸ் பெரிய மனிதர்கள் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். பல்லவ ராஜா எங்கள் முதலாளி. சாளுக்கியத் தளபதி என் அண்ணன். ராஜா வெட்டுவார், தளபதி சாவான். செத்த பிறகு எழுந்து வந்து காபி குடிக்கலாம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் அண்ணன் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவே சொல்லும். முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுப்பார், அண்ணன் புடவையாக்கிக் கொடுப்பான். எங்கள் தெருவில் பாதி வீட்டுத் தறிகள் அவர் கொடுக்கும் பாவில்தான், அதாவது நீளவாட்டுப் பட்டிழையில்தான், ஓடின. அதனால் அவர் ராஜா வேஷம் போடுவதென்றால் படைக்கு ஆள் தேட வேண்டிய சிரமமே இல்லை. தீபாவளி சமயம் முன்பணத்துக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களை அப்படியே கூப்பிட்டுக் கையில் மரக்கத்தியைக் கொடுத்தால் போதும்.

லண்டனில் அவருக்கு என்ன ஆயிற்று என்பதை அவரே கடைத் திண்டில் சாய்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். புடவை வாங்கும் ஒரு வெள்ளைக்காரர் அவரை ஊருக்கு வெளியே ஒரு பிரபுவின் மாளிகைக்கு அழைத்துப் போனாராம். நம் கோயில் மதில் நீளத்துக்கு வீடு. அதற்கு முன்னால் புல்வெளி. அங்கே டாக்டர், வக்கீல், பாங்கு குமாஸ்தா எல்லாம் இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டு, எந்தக் காலத்திலோ அவர்களுக்குள் நடந்த சண்டையை மறுபடியும் போட்டார்களாம். பீரங்கி வெடித்ததாம். புல்லில் வரிசையாகச் செத்து விழுந்தார்களாம். ஒரு பிணம் மூக்கைச் சொறிந்துகொண்டதாம். ஊதல் ஊதியதும் எல்லோரும் எழுந்து டீ குடித்தார்களாம். அந்தப் பிரபு மாளிகைப் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எனக்கென்னவோ முதலாளியைப் பிடித்துக்கொண்டது சண்டை இல்லை, அந்தப் படிதான் என்று பட்டது. மேலே நிற்பது, கீழே நாலு பேர் விழுவது, விருந்தாளிகள் கை தட்டுவது. சரித்திரம் நடுவில் வந்த சாக்கு. சாளுக்கியர் ஒரு முறை காஞ்சிக்குள்ளேயே வந்துவிட்டார்களே, அதையும் சேர்க்கலாமா என்று கேட்ட மெட்ராஸ் காலேஜ் வாத்தியாரிடம், நம்ம ஊர் தோற்றதையெல்லாம் காசு போட்டுக் காட்டுவானேன் என்று சொல்லிவிட்டார். அந்த வாத்தியார்தான் மைக்கில் விளக்கம் சொல்ல ஏற்பாடானவர். அவரும் தலையை ஆட்டிவிட்டார். சாப்பாடு பலமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அண்ணி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பு இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை அவள் நடப்பதே தரைக்கு வலிக்குமோ என்பது போல இருக்கும். எங்கள் ஜனங்களில் பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் புருஷன் பிணம் தூக்க மாட்டான், சுடுகாட்டுப் பக்கம் போக மாட்டான், வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டான். அப்படிப்பட்டவனை ஊர் பார்க்கப் பிணமாகவே படுக்கச் சொன்னால் அண்ணி என்ன ஆவாள்? சேதி வந்த அன்று அவள் சோறு வடித்த பானையை அப்படியே வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அந்தக் குழந்தை வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். எனக்கு அந்தச் சாஸ்திரத்தில் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது முதலாளியின் மேல் வயிறு எரிந்தது.

தெருவில் மற்றவர்களுக்கும் இதே சங்கடம்தான், கொஞ்சம் வேறு வேறு ரூபத்தில். காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டும்போது ஆம்பிளைகள் எல்லாம் இரண்டு பக்கமும் நின்று இதையே பேசினார்கள். என் அப்பனே இன்னும் உயிரோடு இருக்கும்போது நான் எப்படி முந்திக்கொள்வது என்றான் ஒருவன். தைக்குத்தான் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பெண் வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றான் இன்னொருவன். சாவதற்குத் தயாராக இருந்தவர் ஒரே ஒருவர். பெண்டாட்டி போய்ப் பல வருஷமான கிழவர். அவரும் பல்லவன் பக்கம் சேர்த்துக்கொண்டால்தான் சாவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பல்லவன் பக்கம் தான் ஒருவரே போதும், அங்கே யாரும் சாக வேண்டியதில்லை என்று முதலாளி ஏற்கெனவே தீர்மானித்திருந்தார்.

கடைசியில் வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். மல்லாந்து கிடந்தால்தானே பிணம்? குப்புற விழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டிவிட்டால் அது நமஸ்காரம். புல்தரையிலிருந்து பார்த்தால் வடக்கே கோயில் ராஜகோபுரம் தெரியும். கோபுரம் இருக்கும் திசையில் தலை வைத்து விழுந்துவிட்டால் சாமி கும்பிட்ட புண்ணியமும் ஆயிற்று, முதலாளி சொன்னபடி செத்த மாதிரியும் ஆயிற்று. ஒரு பாவு நீட்டி முடிவதற்குள் ஒரு படையின் தலைவிதியையே மாற்றி எழுதிவிட்டார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஒத்திகை பார்க்கத் தெருப் பெண்களை விட்டார்கள், வெள்ளோட்டத்துக்குக் கை தட்ட ஆள் வேண்டுமல்லவா. சாளுக்கியப் படைக்கு இரும்புக் கவசம் கோணிப் பையில் தைத்து வெள்ளிப் பூச்சு பூசியது. பகலெல்லாம் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தே பழகிய மனிதர்கள், கவசத்தைச் சொறிந்துகொண்டே ஓடி வந்தார்கள். பாதி பேருக்கு நடுவழியிலேயே மூச்சு வாங்கியது. முதலாளி கத்தியை வீசியதும் எல்லோரும் பொத் பொத்தென்று குப்புற விழுந்தார்கள். முதலாளி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. தன் காலில்தான் விழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

அப்புறம் தாழ்வாரத்தில் ஏறி விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. தலையெல்லாம் கோபுரத்தைப் பார்த்து வடக்கே இருந்தது. ஆகவே அத்தனை கால்களும், வெடித்த பாதமும் சாயம் ஏறிய குதிகாலுமாக, தாழ்வாரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. மெட்ராஸ் பெரிய மனிதர்களுக்கு முன்னால் நாற்பது ஐம்பது உள்ளங்கால். திரும்பி விழுங்கள் என்று கத்தினார். கோபுரத்துக்குக் காலை நீட்ட முடியாது என்று பணிவாகச் சொல்லிவிட்டார்கள். நாளைக் குறித்து, பத்திரிகை அச்சடித்து, எல்லாம் ஆன பிறகு அத்தனை பேரையும் அவர் எங்கே போய் மாற்றுவார்? படைக்கு விட்டுக்கொடுத்தார். ஆனால் தளபதி மட்டும் மல்லாந்துதான் சாக வேண்டும், வாய் திறந்திருக்க வேண்டும், அவன் மார்பில் ராஜா காலை வைக்க வேண்டும், அந்த நேரம் போட்டோ பிடிக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றுவிட்டார். போட்டோவைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டப் போகிறாராம்.

அண்ணன் பேசாத ஆள். சாகச் சொன்னபோதும் சரி என்று தலையை ஆட்டினான். அவன் தறியில் ஓடிக்கொண்டிருந்தது முதலாளியின் பட்டு, வேறென்ன செய்வான். ஆனால் அண்ணி சும்மா இருக்கவில்லை. மறுநாள் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்கே நடந்தாள். வெயில். அவள் ஒரு கையால் இடுப்பையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

முதலாளி தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் முதலாளியம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணி படிக்குக் கீழேயே நின்றாள்.

"மொதலாளி, மத்தவங்க மாதிரி அவரும் குப்புற விழட்டும். மல்லாக்க மட்டும் வாணாம். என் நெலம ஒங்களுக்குத் தெரியும்."

முதலாளி சிரித்தார். கோபமாகக்கூட இல்லை, ரொம்பப் பிரியமாகத்தான் சிரித்தார். லண்டனில் எத்தனை பேர் மல்லாந்து கிடந்தார்கள், ஒருவனுக்காவது ஏதாவது ஆனதா, இந்த ஊர் உருப்படாததற்கே இந்த மூடநம்பிக்கைதான் காரணம் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். பிறகு முடித்து வைத்தார்.

"வெளையாட்டுதானேமா. ஒண்ணும் ஆவாது. போய்ட்டு வா."

முதலாளியம்மாவும் வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஆமாம்மா, ஒன்றும் ஆகாது என்றார். அண்ணி ஒரு கும்பிடு போட்டாள். எனக்குத்தான் நாக்கு துறுதுறுத்தது. அப்படியானால் நீங்களே மல்லாந்து படுங்களேன், எங்கள் அண்ணன் காலை வைக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என் தோளை அழுத்தினாள். திரும்பி வரும் வழியில் பக்கத்து ஊர் மாகறல் கோயில் சாமிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்தாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

விழா நாள் வந்தது. சாயங்கால வெயில், பங்களா வாசலில் வாழை மரம், நாகஸ்வரம், சோடா. தாழ்வாரத்தில் மெட்ராஸ்காரர்களும், நடுவில் அந்தப் புடவை வாங்கும் வெள்ளைக்காரரும் அவர் பெண்டாட்டியும். அந்த அம்மாளுக்கு யாரோ பூ வைத்துவிட்டு, அது காதுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணியை வராதே என்று எவ்வளவோ சொன்னோம். அவர் விழுகிற இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று வந்து கிணற்றடியில், பெண்கள் கூட்டத்துக்கு முன்னால், அந்த மஞ்சள் முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பல்லவ ராஜா படியில் இறங்கி வந்தார். கோணியும் வெள்ளிப் பூச்சும் படைக்குத்தான். ராஜா கட்டியிருந்தது அசல் பட்டு, கெட்டி ஜரிகை, அவர் கடைச் சரக்கு. தோளில் போட்டிருந்த அங்கவஸ்திரம் முழங்காலைத் தாண்டித் தரையைத் தொட்டது. விருந்தாளிகளில் யாராவது விலை கேட்பார்கள் என்ற எண்ணம்தான், வேறென்ன. இடுப்பில் வாள். வாளுக்குப் பக்கத்தில் ஒரு ஊதல். ஊதல் ஊதும்வரை செத்தவர் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று நாலு நாளாகச் சொல்லிச் சொல்லி உருப்போட வைத்திருந்தார்.

சண்டை நன்றாகத்தான் நடந்தது. ஓடி வந்தார்கள், ராஜாவின் கத்தியில் தங்கள் கத்தியைத் தட்டினார்கள், பொத் பொத்தென்று கோபுரத்தை நோக்கி விழுந்தார்கள். தாழ்வாரத்தை நோக்கி அத்தனை கால்களும் நீண்டன. வெள்ளைக்காரர் கால்களைக் காட்டி ஏதோ கேட்க, வாத்தியார் மைக்கிலேயே, இது தமிழ் வீரர்களின் மரபு என்று அடித்துவிட்டார். கிணற்றடியில் நாங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டோம்.

மிச்சம் நின்றது அண்ணன் மட்டும். ராஜா வாளை ஓங்கி அவன் தோளில் இறக்கினார். அண்ணன் ஒத்திகையில் செய்தபடியே தள்ளாடினான், ஒரு முழங்காலை ஊன்றினான். இனி மல்லாக்க வேண்டியதுதான். அப்போது அவன் தலையைத் திருப்பிக் கிணற்றடியைப் பார்த்தான். அண்ணி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் மெதுவாக எழுந்து நின்றுவிட்டான்.

தாழ்வாரத்தில் கை தட்டினார்கள், வீரன் லேசில் விழுவதில்லை என்று நினைத்து. ராஜா மறுபடி வெட்டினார். அண்ணன் நின்றான். இன்னும் ஓங்கி வெட்டினார். மரக்கத்தியானாலும் வலித்திருக்கும். அண்ணன் நின்றான். ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு, கிணற்றடி வரைக்கும் கேட்கிற மாதிரி, "விழுடா" என்றார்.

"முடியாது மொதலாளி" என்றான் அண்ணன். அவன் வாழ்நாளில் அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ராஜாவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. போட்டோக்காரன் வேறு குனிந்து காத்திருக்கிறான். மார்பில் வைக்க வேண்டிய காலை, நிற்கிறவனின் மார்புக்கே தூக்கி உதைத்துத் தள்ளிவிடலாம் என்று நினைத்தார் போல. வலது காலைத் தூக்கினார். இடது கால் அவருடைய அங்கவஸ்திரத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு கெட்டி ஜரிகை வழுக்காமல் என்ன செய்யும்? அண்ணன் மேல் விரல் நுனிகூடப் படவில்லை. காஞ்சிப் பல்லவன் மல்லாக்க, இரண்டு கையும் விரித்து, வாயைப் பிளந்துகொண்டு, தொப்பென்று விழுந்தார். கிரீடம் உருண்டு கிணற்றடிக்கு வந்தது. தளபதி விழும்போது எடுக்கச் சொல்லியிருந்த போட்டோவைப் போட்டோக்காரன் அந்தச் சமயத்தில் எடுத்துவிட்டான்.

வாத்தியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் இருமினார். பிறகு, சாளுக்கியர்கள் காஞ்சிக்குள் நுழைந்ததும் சரித்திரத்தில் உண்டு என்றார். தாழ்வாரம் முழுவதும் பலத்த கைதட்டல்.

ராஜா எழுந்திருக்கவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. ஓடிப் போய்த் தூக்க வேண்டியவர்கள் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக் குப்புறக் கிடந்தார்கள். ஊதல் ஊதாமல் எழுந்திருக்கக் கூடாது. ஊதலோ ராஜாவின் இடுப்புக்கு அடியில். சொல்பேச்சு கேட்கிற ஜனம் என்றால் எங்கள் ஜனம்தான். ஒருவன் மட்டும் தலையைத் தூக்கி, ஊதியாச்சா என்று பக்கத்துப் பிணத்தைக் கேட்டான். முதலாளியம்மா தாழ்வாரத்திலிருந்து தலைவிரி கோலமாக ஓடி வந்தார். "ஐயோ, அப்படிப் படுக்காதீங்க, எழுந்திருங்க" என்று அலறினார். எப்படிப் படுக்கக் கூடாது என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. கடைசியில் அண்ணன்தான் குனிந்து, சுருட்டிய பாவைத் தூக்குகிற மாதிரி முதலாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் விட்டான்.

அந்த நல்ல காரியத்துக்குக் கூலி கிடைத்தது. தறியில் இருந்த புடவையை நெய்து முடித்து அறுத்ததும், இனி உனக்குப் பாவு கிடையாது என்று கடையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். சில வாரம் தறி சும்மா கிடந்தது. அண்ணன் அப்புறம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்துகொண்டான். அவன் வருத்தப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நான்தான் முதலாளி வீட்டுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.

பங்களாவிலோ மூடநம்பிக்கை ஒழிப்பு வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. முதலாளி ஜோசியரைக் கூப்பிட்டார். ஆயுள் ஹோமம் செய்தார். எள் தானம், எண்ணெய் தானம், பசு தானம். போட்டோவை நெகட்டிவோடு வாங்கிக் கொளுத்தினாராம். மல்லாந்து படுக்கவே பயந்து, உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்று பங்களா வேலைக்காரி சொன்னாள். லண்டனில் பிணம் மூக்கைச் சொறிந்த கதையை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அரசு ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது. அண்ணன் அதன் விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய் அழுதான். வீட்டுக்குக் கூட்டி வந்து கொஞ்ச நாளான பிறகு ஒரு மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. முதலாளியம்மா இறங்கினார். எங்கள் வீட்டுக்குள் அவர் வந்ததே இல்லை. கையில் குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடை.

பாயை விரித்தேன். உட்கார்ந்தார். குழந்தையைப் பார்த்தார், மூக்கு யாரைப் போல என்றார், சுற்று முற்றும் பார்த்தார். பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. முதலாளிக்கு இன்னும் இடுப்பு சரியாகவில்லை, எந்நேரமும் அந்த விழுந்த நினைப்பு, சாப்பாடு இறங்குவதில்லை என்றார். நீ மாகறலில் ஏதோ வேண்டிக்கொண்டாயாமே, அது என்ன வேண்டுதல், எங்களுக்கும் பலிக்குமா என்று கேட்டார். கேட்கும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கியது. எனக்குக்கூட ஒரு நொடி பாவமாக இருந்தது.

அண்ணி குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவளும் ரொம்பப் பிரியமாகத்தான் சிரித்தாள்.

"வெளையாட்டுதானேமா. ஒண்ணும் ஆவாது. போய்ட்டு வாங்க."